முட்டைக்குச் சட்டை தைத்தவள்

என் அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், முட்டைக்குச் சட்டை தைக்கிறாள் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் லேபின் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், இதையே விளக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆகும், கேட்டவருக்குக் கொட்டாவியும் வரும்.

அண்ணி என்று சொல்லிவிட்டு 'பார்க்கிறாள்' என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவள் அண்ணியாவதற்கு முன்பே எனக்குத் தோழி. இருவரும் ஒரே வருஷம் அந்த லேபில் சேர்ந்தோம். அவள் செல் வளர்க்கும் அறையில், நான் பாட்டில் கழுவும் அறையில். இப்படி ஒரு பெண் கிடைக்க மாட்டாள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அவளை என் அண்ணனுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அன்றிலிருந்து வேலையில் வாடி போடி, வீட்டில் வாங்க அண்ணி. பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் அது, மீதி வழிக்கு இது.

சட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் கருமுட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. நாலு விதமான புரதங்கள் பின்னிக்கொண்டு உண்டான உறை. விந்தணு வந்து முதலில் ஒட்டவேண்டியது அதில்தான். ஒட்டினால்தான் உள்ளே நுழையும். எப்படி ஒட்டுகிறது, சிலருடையது ஏன் ஒட்டுவதில்லை என்று பார்க்க வேண்டுமானால் முட்டை வேண்டும். மனித முட்டையைச் சோதனைக்கு யார் தூக்கிக் கொடுப்பார்கள்? அதனால் முட்டையை விட்டுவிட்டு, அந்த உறைப் புரதத்தை மட்டும் லேபில் செய்துகொள்வது. பாட்டிலில் வளரும் செல்களுக்கு அந்தப் புரதத்தைச் செய்யக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அவை செய்து செய்து சுற்றியுள்ள திரவத்தில் விடும். என் அண்ணி அந்தத் திரவத்தைச் சேர்த்து, வடித்து, புரதத்தை மட்டும் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத குட்டி மணிகள் மேல் பூசுவாள். வெளியிலிருந்து வரும் விந்தணுவுக்கு அது முட்டை. உள்ளே ஒன்றும் கிடையாது. பொய் முட்டை என்போம் நாங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்தவளைக் கேட்டால் தெரியும். செல்களுக்கு ஞாயிறு கிடையாது, ஜுரம் கிடையாது. சிவப்புத் திரவம் மஞ்சளாக மாறினால் அவற்றுக்குப் பசி. உடனே மாற்ற வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டு விசேஷத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அம்மா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

நாலு வருஷத்துக்கு முன் இந்தப் பொய் முட்டையை ஆரம்பித்தபோது, முதல் எட்டு மாதம் எதுவும் ஒட்டவில்லை. ஒன்றுகூட. அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியிலும் ஒட்டியிருக்கும் விந்தணுக்களை எண்ண வேண்டும். ஒன்றுக்கு ஒரு தரம் அமுக்க, கையில் ஒரு எண்ணும் கருவி. எட்டு மாதம் அந்தக் கருவி சத்தமே போடவில்லை. ஆறு முறை புரதத்தை முதலிலிருந்து செய்தாள். மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஒட்டின மாதிரி இருந்துச்சுன்னு எழுதித் தொலையேன், மேடமாவது சிரிப்பாங்க" என்றேன் ஒருநாள்.

"ஒட்டின மாதிரி இருந்தா எழுதறேன்" என்றாள். அவ்வளவுதான். சைபர், சைபர் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

காரணம் நான் என்பது பிறகு தெரிந்தது. லேபில் பாட்டில் கழுவக் கொடுக்கும் சோப்புத் திரவம் நுரைக்காது. நுரைக்காத சோப்பை நான் எப்படி நம்புவேன்? அண்ணி செய்யும் காரியம், பாட்டில் பளபளவென்று இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கும் எலுமிச்சை சோப்பைக் கொண்டுவந்து, கடைசியில் ஒரு கை அதிலும் தேய்த்து அலசிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சோப்பு பாட்டிலில் தங்கினாலும் போதும். விந்தணு ஓடும், ஒட்டாது.

ஒருநாள் காலையில் அவள் காலி பாட்டிலை மோந்துகொண்டே என் அறைக்குள் வந்தாள்.

"இந்த எலுமிச்சை வாசனை எங்கிருந்து வருது?"

"நல்லா இருக்குல்ல?" என்றேன், பெருமை தாங்காமல்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. எட்டு மாதம். நானாக இருந்தால் அந்தப் பாட்டிலை என் தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன்.

மேடத்திடம் வேறு ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சினேன். "உன்னைக் காப்பாத்தறதுக்காக மாத்தி எழுத முடியாதுடி. கூட வந்து நின்னு திட்டு வாங்கறேன், வா" என்றாள். வந்து நின்றாள். மேடம் இருபது நிமிஷம் கத்தினார், பாதி எனக்கு, பாதி அவளுக்கு. அடுத்த வாரமே மணிகளில் விந்தணுக்கள் எறும்பு மாதிரி மொய்த்தன. எண்ணும் கருவி ஓயாமல் சத்தம் போட்டது.

இதை நான் வீட்டில் பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க அடுத்தவர் கையிலும் காலிலும் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. அதில் கெட்டிக்காரன். பதினைந்து வருஷமாக அந்த சீட்டிலேயே உட்கார்ந்து, தப்பு என்பது எப்போதும் ஸ்டியரிங் பக்கம் இருப்பவரிடம்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. சிகிச்சைக்குப் போனார்கள். முதல் தடவை அவளிடமிருந்து பதினொரு முட்டை எடுத்து, அவனுடைய விந்தணுவோடு தட்டில் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றுகூடக் கருவாகவில்லை. இரண்டாம் தடவை ஒன்பது முட்டை. அதே கதை. முட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் சரி, ஆனால் ஒட்டவில்லை, காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். அடுத்த தடவை ஒட்டுவதற்கெல்லாம் காத்திருக்காமல் ஒரு விந்தணுவை எடுத்து ஊசியால் நேரே முட்டைக்குள் விட்டுவிடலாம் என்றார். அதற்குக் கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டது.

"எனக்கு எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் இருக்கு. அப்புறம் எனக்கு எதுக்கு ஊசி?" என்றான் அண்ணன்.

"ஊசி உங்களுக்கு இல்லங்க, முட்டைக்கு" என்றாள் அண்ணி.

"எல்லாம் ஒண்ணுதான். அவங்க குடுத்த நோட்டீஸ்ல முதல் வரியே ஆண்களின் குறைபாட்டுக்குன்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அம்மாவுக்கு வேறு யோசனை. "வேற யாராவது பொண்ணோட முட்டையை வெச்சுக் குடுக்கறாங்களாமே. நல்ல முட்டையா பாத்து வெச்சுக்க வேண்டியதுதானே?" கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி சொன்னாள். அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

அந்த மருத்துவமனையில் நாற்பது வயது வரைக்கும்தான் சொந்த முட்டையில் செய்வார்கள். அவளுக்கு நாற்பது ஆக ஐந்து மாதம் இருந்தது. அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு முற்றிவிட்டது. அண்ணன் சோற்றுக் கையோடு சொன்னான்: "நீதான் ஊரு உலகத்து ஆம்பளைங்களையெல்லாம் அந்தப் பொய் முட்டையில விட்டுப் பாக்கறியே, என்னோடதையும் விட்டுப் பாரு. எப்படி மொய்க்குதுன்னு தெரியும்."

"ஒட்டலேன்னா கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடறேன். ஒட்டிச்சுன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

நான் சாட்சி. அம்மாவும் சாட்சி.

மேடம் சம்மதித்தார். மற்றவர்களைப் போல ஒரு நம்பரில்தான் கொடுக்க வேண்டும், முடிவை லேப் தெரிவிக்காது, அதற்கும் கையெழுத்து. அண்ணன் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், இண்டர்வியூவுக்கு வருகிற மாதிரி வந்தான். போகும்போது என் அறையில் தலையை நீட்டி, "நாற்பத்தொண்ணு. ராசியான நம்பர்" என்றான். ரகசியம் காக்கிற லட்சணம் இது.

விந்தணுக்களைச் சுத்தம் செய்து, சூடான பெட்டியில் நாலு மணி நேரம் வைத்து, பிறகுதான் மணிகளோடு விடுவார்கள். அன்றைக்கு மொத்தம் ஐந்து பேருடையது. மதியம் நான் கழுவுகிற வேலையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். முதல் நாலு பேருடையதும் மொய்மொய் என்று மொய்த்திருந்தன. கருவி டக்டக் என்று ஓடியது. ஐந்தாவது தட்டு நாற்பத்தொன்று. அதை வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. அவள் மணிமணியாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். கட்டைவிரல் அசையவே இல்லை.

"நீ பாரு" என்று எழுந்தாள்.

பார்த்தேன். விந்தணுக்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. மணி வரைக்கும் வந்தன, முட்டின, திரும்பிப் போயின. சாமான் வாங்காமல் கடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் குறை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஒன்பது வருஷம் அவள் கேட்ட பேச்சை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "ஒரு நாள் பாத்தது பத்தாது" என்றாள். அவனை எப்படியோ தாஜா செய்து அடுத்த வாரமும் வரவழைத்தாள். இந்தத் தடவை வேறு நம்பர், புதிதாகச் செய்த மணிகள். பாட்டில்கூட நான் கழுவினது வேண்டாம் என்று புத்தம் புதிதாக உறை பிரித்து எடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் செய்தது சரி. அன்றைக்கும் மற்றவர்களுடையது ஒட்டியது. அவனுடையது சைபர்.

அன்று மாலையே வீட்டில் சொன்னாள். லேப் சொல்லக் கூடாதுதான். ஆனால் அவனே கேட்டான், அவனுடையதை அவனிடம் சொன்னாள். குரலை உயர்த்தாமல், குற்றம் சொல்லாமல், ஊசி போட்டால் இந்தத் தடையே இல்லை என்று சேர்த்துச் சொன்னாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"பாட்டில் இவ கழுவுனதுதானே? எலுமிச்சை சோப்பு."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் வாயாலேயே அவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

"ரெண்டாவது தடவை புது பாட்டிலுங்க" என்றாள் அண்ணி. "மத்தவங்களோடது ரெண்டு தடவையும் ஒட்டிச்சு."

"அப்போ உன் சட்டையில கோளாறு. லேப்ல செஞ்சதுதானே, நிஜ முட்டை மாதிரி வருமா? நிஜ முட்டைன்னா ஒட்டியிருக்கும்."

"நிஜ முட்டை இருபது வெச்சாங்களே. அதுல ஒட்டலையே."

"அது உன் முட்டையாச்சே."

இந்த மனுஷனோடு எப்படிப் பேசுவது? பொய் முட்டை என்றால் பொய், நிஜ முட்டை என்றால் அவளுடையது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அவன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது. நான் கத்தினேன். நாலு வீடு தள்ளி ஜன்னல் திறந்து பார்த்தார்கள். வாக்குக் கொடுத்தாயே என்றேன். "சரியா செஞ்சு ஒட்டலேன்னாதான் போடறேன்னேன்" என்றான்.

அதுவரை வாயைத் திறக்காத அம்மா அப்போது திறந்தாள். "குழந்தைங்கறது ரெண்டு பேருக்கும் பொதுவான விஷயம். இதுல என்ன அவன் குறை, இவ குறைன்னு பிரிச்சுப் பேசறது? படிச்சவங்க பேசற பேச்சா இது?"

ஒன்பது வருஷமாக அந்தப் பொது விஷயம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அம்மா குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னான். லேபிலிருந்து சீல் வைத்து ஒரு கடிதம் வந்தால் யோசிப்பானாம். அண்ணி மறுநாளே மேடத்திடம் போய் நின்றாள். மேடம் முடியாது என்றார். "இது ஆராய்ச்சிக்கு வெச்சிருக்கற மணி. இதை வெச்சு ஒருத்தருக்கு இன்ன குறைன்னு எழுதித்தர நமக்கு அனுமதி இல்ல. அம்பது பேர்ல பாத்திருக்கோம், இன்னும் ஐநூறு பேர்ல பாக்கணும். உனக்கே தெரியும்."

அவள் என் அறைக்கு வந்து கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தாள். "மேடம் சொல்றது சரிதான்டி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பிரஷ்ஷைத் தொட்டியில் எறிந்தேன். நாலு வருஷம் கண் எரிய எரிய எண்ணியவள் இவள். ஒட்டாதது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு அத்தனையும். தெரிந்தும் விட்டது. வீட்டில் ஒருத்தன் நம்ப மாட்டான், வேலையில் ஒருத்தர் எழுதித் தர மாட்டார், இவள் என்னவென்றால் எல்லாரும் சொல்வது சரி என்கிறாள்.

நாட்கள் போயின. அவளுக்கு மிச்சமிருந்த ஐந்து மாதம் குறைந்து ஆறு வாரமாயிற்று. இனி ஊசி மருந்து ஆரம்பிக்காவிட்டால் முட்டை எடுக்க நாள் இருக்காது என்று மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன், "வந்து கேக்கறேன், கேக்கறதுல என்ன" என்றான். இரண்டு பிரேக் உள்ள அவன் வேலைக் காரிலேயே மூவரும் போனோம்.

டாக்டர் படிவத்தை நீட்டினார். அதில் டாக்டர் நிரப்ப வேண்டிய இடத்தில், காரணம் அறியப்படவில்லை என்று அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு கட்டம். இந்தச் சிகிச்சை ஏன் செய்யப்படுகிறது என்று நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் எழுதவும். அண்ணன் பேனாவைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதினாள். என் நாற்காலியிலிருந்து தெளிவாகப் படிக்க முடிந்தது. மனைவியின் கருமுட்டை உறை தடித்திருப்பதால் விந்தணு ஒட்டவில்லை.

மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் திரும்பவில்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

டாக்டர் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "நான் இப்படிச் சொல்லலையே."

"நான் புரிஞ்சுக்கிட்டது டாக்டர். அப்படித்தானே கேட்டிருக்கு."

அண்ணன் படிவத்தை எடுத்து இரண்டு தடவை படித்தான். பேனாவை வாங்கி அவள் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காரில் ஏறியதும், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்ல? தேவையில்லாம இழுத்தடிச்சுட்ட" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டு முட்டை கிடைத்தது. மறுநாள் காலையில் நான் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். சந்தோஷத்தில் கத்தினான். "எட்டுல ஆறு! ஆறு கருவாயிருக்கு! உங்க அண்ணி முட்டை உறையை ஊசியால குத்தி உள்ள விட்டுட்டாங்க. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல, அங்கதான் கோளாறுன்னு!"

மாலையில் நேராக வீட்டுக்குப் போனேன். அண்ணி அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அடுக்களையில் அம்மா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமா, அவ முட்டை கொஞ்சம் தடிப்பாம். இப்ப சரி பண்ணிட்டாங்க. பையனுக்கு எப்பவுமே ஒண்ணும் இல்ல."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுடி. இன்னும் முடியல, கருவை உள்ள வெக்கணும், தங்கணும். அதுக்கும் அவர் கூட வரணும்."

"உனக்குக் கோவமே வராதா?"

"வருது. வராம என்ன? ஆனா எழுதினது நான். யார் மேல காட்டறது?"

அம்மா அடுத்த ஆளுக்குப் போன் போட்டுவிட்டாள். அதே வாக்கியம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அண்ணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எட்டும் நல்ல முட்டைடி" என்றாள் மெதுவாக. "நீயாவது தெரிஞ்சு வெச்சுக்கோ."